புள்ளி விழுந்த படங்களைத் தேடி

வியன்னாவில் கதிரியல் மாநாடு முடிந்ததும் கூட வந்த நண்பர்கள் சால்ஸ்பர்க் கிளம்பினார்கள். அங்கே மோட்சார்ட் பிறந்த வீடு இருக்கிறது, மலை இருக்கிறது, நல்ல சாக்லேட்டும் கிடைக்கும். நான் வூர்ஸ்புர்க் போகும் ரயிலில் ஏறினேன். சி.டி. ஸ்கேன் அறையில் பொத்தான் அமுக்கிப் பிழைக்கிறவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்த ஊரைப் பார்க்காமல் திரும்பினால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

ஒரு செய்தி வந்த வழியில்தான் நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். 1896 ஜனவரி 1 அன்று வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைப் பற்றிய தன் கட்டுரைப் பிரதிகளோடு சில படங்களையும் சேர்த்துத் தெரிந்த இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். அதில் ஒன்று வியன்னாவில் ஃபிரான்ஸ் எக்ஸ்னருக்குப் போனது. அவர் வீட்டில் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவரின் அப்பா பத்திரிகை ஆசிரியர். ஜனவரி 5 அன்று வியன்னாவின் 'டீ பிரெஸ்ஸே' முதல் பக்கத்தில் செய்தி வந்துவிட்டது. கதிரைக் கண்டுபிடித்தது வூர்ஸ்புர்க். உலகத்துக்குச் சொன்னது வியன்னா.

பாஸாவ், ரேகன்ஸ்புர்க், நூரன்பெர்க் எல்லாம் தாண்டி இறங்கியபோது மார்ச் மாதக் குளிர் காதைப் பிடித்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். இலை ஒன்றுகூட இல்லை. கம்புகளும் கம்பிகளும் மட்டும் வரிசையாக நின்றன. நிலையத்திலிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால் ராண்ட்ஜன் வீதி. எட்டாம் எண் கட்டடம் அன்று பல்கலைக்கழக இயற்பியல் நிறுவனம். கீழே ஆய்வகம், மேலே வீடு. 1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை, மூடி வைத்த குழாய்க்குச் சற்றுத் தள்ளியிருந்த பேரியம் பிளாட்டினோசயனைடு திரை ஒளிர்ந்தது இங்கேதான். பிறகு ஏழு வாரம் வெளியே யாரிடமும் வாய் திறக்காமல் வேலை செய்தார். டிசம்பர் 28 அன்று கட்டுரையைக் கொடுத்தார்.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. தூண்டு சுருள், கண்ணாடிக் குழாய்கள், காற்றை உறிஞ்சும் பம்பு, மேசை, பழைய விரிவுரை அரங்கம். எனக்கு இரண்டு படங்கள் போதுமானவையாக இருந்தன. முதல் படம் எல்லாருக்கும் தெரிந்தது: டிசம்பர் 22 அன்று எடுத்த, மனைவி அன்னா பெர்தாவின் கை. விரலில் மோதிரம், மங்கலான எலும்புகள். இரண்டாவது படம் ஒரு மாதம் கழித்து, 1896 ஜனவரி 23 கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் எடுத்தது. உடற்கூறியல் பேராசிரியர் கோலிக்கரின் கை. அதில் எலும்பு விளிம்புகள் தெளிவாக நிற்கின்றன. கதிருக்கு ராண்ட்ஜன் பெயரையே வைக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் முன்மொழிந்தவரும் கோலிக்கர்தான்.

ஒரே மனிதர், ஒரே ஆய்வகம், ஒரே மாத இடைவெளி. படத்தின் தரம் மட்டும் வேறு. பெர்தா அம்மாள் நெடுநேரம் கையை அசைக்காமல் வைத்திருந்திருக்க வேண்டும். யாரால் முடியும்? பத்து விநாடி மூச்சை அடக்கச் சொன்னால் ஏழாவது விநாடியில் விட்டுவிடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். கதிரைக் கொட்டினால் மட்டும் படம் தெளிந்துவிடாது என்பது இந்தத் துறையின் முதல் படத்திலேயே எழுதியிருக்கிறது.

அன்றைய கருவிகளில் எவ்வளவு கதிர் பட்டது? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1896ஆம் ஆண்டுக் கருவி ஒன்று கிடங்கில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து அளந்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. அதே மாதிரிக் கைப்படம் எடுக்க இன்றைய கருவி தருவதைப்போல் ஏறக்குறைய 1,500 மடங்கு கதிர் தோலில் பட்டிருக்கிறது. ராண்ட்ஜன் மட்டும் ஓரளவு தப்பியது அவர் வேலை செய்த முறையால். வெளிச்சமும் கதிரும் புகாத ஆள் உயர உலோகப் பெட்டிக்குள் நின்று திரையைப் பார்ப்பார். 1896இல் பேட்டி காண வந்த டாம் என்ற பத்திரிகையாளரையும் அதற்குள் நிறுத்திக் காட்டியிருக்கிறார். பெட்டியில்லாமல் வேலை செய்தவர்கள் விரலை இழந்தார்கள், கையை இழந்தார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904இல் இறந்தே போனார். ஹாம்புர்க்கில் ஒரு மருத்துவமனைத் தோட்டத்தில் இப்படிப் போனவர்களின் பெயர் பொறித்த நினைவுத்தூண் 1936 முதல் நிற்கிறது. அந்த ஊருக்குப் போக நேரமில்லை.

மாலையில் பழைய மைன் பாலத்தில் எல்லாரும் ஒயின் கோப்பையோடு நின்றார்கள். நான் காபி கோப்பையோடு நின்றேன். எதிரே மரியன்பெர்க் கோட்டை. பார்க்க நூற்றாண்டுகளாக அசையாமல் இருக்கும் ஊர் போலத் தெரிகிறது. உண்மையில் 1945 மார்ச் 16 இரவுக் குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டமாகி, பிறகு எழுப்பிய ஊர் இது.

மறுநாள் காலை எர்லாங்கனுக்கு வண்டி மாற ஃபூர்த் நிலையத்தில் காத்திருந்தபோது தூற ஆரம்பித்தது. நடைமேடைச் சிமெண்டுத் தரையில் முதல் துளிகள் விழுந்தன. இங்கே நாலு துளி, அங்கே ஒன்றுமில்லை, ஒரு மூலையில் கொத்தாகப் பத்து. தரையில் ஏதோ கோலம் இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் எதுவுமில்லை. மழை வலுத்ததும் தரை சீராக நனைந்துவிட்டது. எக்ஸ்ரேயும் துளித் துளியாகத்தான் வருகிறது. கொஞ்சம் துளிகளே டிடெக்டரில் விழுந்தால் படம் திட்டுத் திட்டாக, புள்ளி புள்ளியாக இருக்கும். நாங்கள் 'கிரெய்னா இருக்கு' என்போம். துளிகளைக் கூட்டினால் புள்ளி குறையும். ஆனால் கணக்கு கறாரானது: புள்ளியைப் பாதியாக்கக் கதிரை இரண்டு மடங்கு ஆக்கினால் போதாது, நாலு மடங்கு வேண்டும். சி.டி.யில் வெட்டுப் படத்தின் தடிமனைக் குறைத்தாலும் அதே கதைதான். ஐந்து மில்லிமீட்டர் துண்டில் விழும் துளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிமீட்டர் துண்டுக்குக் கிடைக்கும்.

இந்தக் கணக்கு தெரியாத ரேடியோகிராபர் இல்லை. தெரிந்தும் என்ன செய்கிறோம்? படம் புள்ளியாக இருந்தால் டாக்டர் போன் பண்ணித் திட்டுவார். கதிர் கூடிப்போனால் யாரும் திட்டமாட்டார்கள், யாருக்கும் தெரியாது. ஆகவே கை தானாகக் கூட்டுகிற பக்கம் போகும். நான் வேலை பார்த்த இடங்களில் பத்துக்கு எட்டில் இந்தப் பழக்கம் இருந்தது.

எர்லாங்கன் நேர்கோட்டில் தெருப் போட்ட ஊர். பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 1686இல் வந்த ஹியூகனோட்டுகளுக்காகத் திட்டமிட்டுக் கட்டியது. எங்கு பார்த்தாலும் சைக்கிள். அங்கே மருத்துவ இயற்பியலில் முனைவர் பட்டம் செய்யும் தம்பி ஒருவன் நிலையத்துக்கே வந்திருந்தான். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம். ஏழு வருடம் முன்னால் என்னிடம் ஒரு மாதம் பயிற்சிக்கு வந்தவன். 'சார்' என்று ஆரம்பித்து இரண்டாவது தெருவில் 'அண்ணே' ஆகிவிட்டான்.

முதலில் கெபர்ட் வீதி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். பழைய தொழிற்சாலைக் கட்டடம். ரெய்னிகர் என்ற பல்கலைக்கழக மெக்கானிக் 1877இல் இந்த ஊரில் சின்னப் பட்டறை போட்டார். அது ரெய்னிகர், கெபர்ட், ஷால் என்ற கூட்டு நிறுவனமாகி, ராண்ட்ஜன் செய்தி வந்த 1896இலேயே எக்ஸ்ரே குழாய் தயாரிக்க இறங்கிவிட்டது. இன்றைய சீமன்ஸ் மருத்துவக் கருவிகளின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் சி.டி. பிறந்தது வேறிடத்தில்: இசைத்தட்டுக் கம்பெனியான இ.எம்.ஐ.யில் இருந்த ஹவுன்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தில் சி.டி.யைக் கண்டுபிடிக்க, 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டன் பகுதி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு 80 கட்டம் கொண்ட படம். இன்று செல்போன் ஐகான்கூட அதைவிடத் தெளிவு. ஒரு துண்டுக்கே சில நிமிடங்கள் ஆனதால் மூச்சு விடுகிற நுரையீரலை அந்தக் கருவியால் நெருங்கவே முடியவில்லை.

நுரையீரலுக்கு வழி திறந்தது எர்லாங்கன்தான் என்று தம்பி பெருமையாகச் சொன்னான். மிகை என்று நினைக்கவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூச்சு. நோயாளி ஒருமுறை ஆழமாக இழுப்பார், அடுத்த முறை பாதிதான் இழுப்பார். இரண்டு துண்டுக்கு நடுவே அரிசிமணி அளவுக் கட்டி, நாங்கள் முடிச்சு என்பது, நழுவிப் போகும். மேசையை நகர்த்திக்கொண்டே குழாயை நிற்காமல் சுழற்றினால் என்ன என்று கேட்டு, அப்போது சீமன்ஸில் இருந்த வில்லி கலண்டர் 1989இல் ஸ்பைரல் சி.டி.யை முன்வைத்தார். 'சுத்தப் பைத்தியக்காரத்தனம்' என்று அன்றைய பெரியவர்கள் சிலர் முகம் சுளித்ததாகத் துறையில் கதை உண்டு. ஒரே மூச்சில் முழு நுரையீரல் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. கலண்டர் 1995இல் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் நிறுவனத்தை ஆரம்பித்தார். டோஸை, அதாவது உடலில் படும் கதிர் அளவை, குறைப்பது அங்கே பெரிய பாடம்.

மதியம் தம்பியின் அறையில் நாலு படம் காட்டினான். மனித மார்பு வடிவ பொம்மை ஒன்று அவர்களிடம் உண்டு. நாங்கள் ஃபேன்டம் என்போம். உள்ளே ரத்தக்குழாய் போன்ற கிளைகள், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செயற்கை முடிச்சுகள். அதே பொம்மை, அதே கருவி. முழு டோஸ், பாதி, கால், பத்தில் ஒன்று. எது எதுவென்று எழுதவில்லை.

"அஞ்சு மில்லிமீட்டர் முடிச்சு எத்தனை படத்துல தெரியுது அண்ணே?"

நாலிலும் தெரிந்தது. பத்தில் ஒன்றில் படம் அசிங்கமாக இருந்தது. பின்னணி முழுக்கக் கரகரவென்று புள்ளி. ஆனாலும் முடிச்சு அங்கேதான் இருந்தது, சந்தேகமேயில்லை.

இதுதான் நுரையீரலின் அதிர்ஷ்டம். சி.டி. அளவுகோலில் தண்ணீர் பூஜ்யம், காற்று கழித்தல் 1,000. காற்று நிறைந்த நுரையீரல் கழித்தல் 850 பக்கம் நிற்கும். திடமான முடிச்சு கூட்டல் 30, 40. இடைவெளி கிட்டத்தட்ட 900. எவ்வளவு புள்ளி விழுந்தாலும் இந்த வித்தியாசத்தை மூடிவிட முடியாது. கல்லீரலில் கதை வேறு. அங்கே நோய்க்கும் நல்ல திசுவுக்கும் 10, 20 அலகுதான் வித்தியாசம். சற்றே புள்ளி கூடினாலும் கட்டி காணாமல் போய்விடும். போதாக்குறைக்கு, காற்று எக்ஸ்ரேயை அதிகம் விழுங்குவதில்லை. வயிற்றைவிட அதிகக் கதிர் மறுபக்கம் வந்து சேரும். வயிற்றுக்குப் போடும் அளவைப் பழக்கதோஷத்தில் மார்புக்கும் போடுவது சோம்பேறித்தனம் என்றே சொல்வேன்.

"சரி, இப்ப இதைப் பாருங்க" என்று வேறு இடத்துக்குப் படத்தை நகர்த்தினான். திடமில்லாத முடிச்சு, மூச்சு ஊதிய கண்ணாடிபோல் லேசாக மங்கியிருக்கும் வகை. முழு டோஸில் தெளிவு, பாதியில் தெளிவு, காலில் யோசித்துச் சொன்னேன். பத்தில் ஒன்றில் இருக்கிறது என்று சொல்லவும் தைரியமில்லை, இல்லை என்று சொல்லவும் தைரியமில்லை. மெதுவாக வளரும் அடினோகார்சினோமா சில சமயம் இந்த வடிவில்தான் ஆரம்பிக்கும். நுரையீரல் நார்த்திசுவாகிப் போகும் நோயிலும் அப்படித்தான். ஓரத்தில் ஓடும் மெல்லிய வலைக்கோடுகளை வைத்துத்தான் மருத்துவர் மருந்தை முடிவு செய்வார். தோள்பட்டை மட்டத்தில் இன்னொரு தொல்லை. இரண்டு பக்க எலும்பும் கதிரைத் தின்றுவிட, நுரையீரல் உச்சியில் கோடு கோடாக விழும். காசத்தழும்புகள் அதிகம் ஒளிந்திருப்பதும் அந்த உச்சியில்தான். டோஸைக் குறை, குறை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, கேள்வியைத் தெரிந்துகொள்ளாமல் டோஸை முடிவு செய்ய முடியாது. ஆறு மாதம் முன்பு பார்த்த முடிச்சு வளர்ந்ததா? மிகக் குறைந்த டோஸ் போதும். மூச்சுத்திணறலுக்கு நார்த்திசு நோயா என்று முதல்முறை பார்க்கிறோமா? கஞ்சத்தனம் கூடாது. ஆனால் நம் கன்சோல் அறைக்கு வரும் சீட்டில் என்ன எழுதியிருக்கும்? 'சி.டி. செஸ்ட்' என்ற இரண்டே சொல்.

கணினியால் புள்ளியைத் துடைக்கலாமே என்று கேட்பீர்கள். துடைக்கிறார்கள். ஒரு ஊகப் படத்தை எடுத்து, அளவீட்டோடு ஒப்பிட்டு, திருத்தித் திருத்திச் செதுக்கும் முறை ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவியிலேயே இருந்தது. பிறகு வேகம் போதாமல் ஒதுக்கி வைத்தார்கள். கணினிகள் வலுவானதும் 2010ஐ ஒட்டி அது திரும்பி வந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்திருக்கிறது. பலன் உண்மையானது; பாதி டோஸில் பழைய தரம் கிடைப்பது சாதாரணம். அளவு மீறினால் மட்டும் படம் வழவழவென்று ஆகிவிடும். அதை 'பிளாஸ்டிக் லுக்' என்பார்கள். புள்ளியோடு சேர்த்து மெல்லிய கோடும் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? அழகான படத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது அந்தக் காலத்திலிருந்துதான்.

இவ்வளவு பெரிய விஷயங்களுக்கு நடுவே தம்பி சொன்ன ஒரு சின்ன விஷயத்தை ஊரில் உள்ள ரேடியோகிராபர்களுக்காகக் குறித்துக்கொண்டேன். கருவி தானே உடல் பருமனைப் பார்த்துக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும். அந்தக் கணக்கு முதலில் எடுக்கும் முன்னோட்டப் படத்தை நம்பி நடக்கிறது. மேசையைச் சற்று உயரத்திலோ பள்ளத்திலோ விட்டால், நோயாளி நடுமையத்திலிருந்து விலகினால், கருவி அவரை உண்மையைவிடப் பருமனாகவோ ஒல்லியாகவோ எடுத்துக்கொள்ளும். டோஸ் தப்பிப்போகும். கையைத் தலைக்கு மேல் தூக்கவைக்காமல் எடுத்தாலும் அப்படித்தான். நுரையீரலுக்கு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தொண்டையில் ஆரம்பித்துச் சிறுநீரகத்தில் முடிக்கிறவர்கள் உண்டு. இவற்றைத் திருத்த ஒரு ரூபாய் செலவில்லை.

இரவு அவன் அறையில் சோறும் மீன்குழம்பும். மீன் உறைந்த மீன். புளியும் தேங்காயும் ஊரிலிருந்து வந்தவை. டோஸ் பேச்சு அங்கேயும் தொடர்ந்தது.

"எங்க ஊர் மணல்லயே இருக்கு அண்ணே கதிர். அதைக் கண்டுபிடிச்சதே ஒரு ஜெர்மன்காரன்தான், பாத்துக்கிடுங்க."

உண்மைதான். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டார். அது மணவாளக்குறிச்சிக் கரைவரை அவரைக் கொண்டுவந்தது. அன்று மோனசைட்டின் தோரியம் கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. கரையோரம் மேலே போனால் கொல்லம் அருகே கருநாகப்பள்ளியில் அதே மணல். தலைமுறை தலைமுறையாக அதன்மேல் குடியிருக்கும் மக்களை வருடக்கணக்கில் கண்காணித்த ஆய்வு 2009இல் வெளிவந்தபோது, கதிரால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. இதைக் காட்டி 'சி.டி. ஒன்றும் செய்யாது' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வருடம் முழுக்க மெல்லப் பரவி வருவதும் சில விநாடிகளில் நெஞ்சுக்குள் மொத்தமாக இறங்குவதும் ஒன்றா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு பதில் சொல்லாது. இதில் நான் இரண்டு பக்கமும் சாயமாட்டேன்.

எண்களைப் பேசுவோம். உலகில் ஒரு மனிதர் மண், காற்று, வானம், உணவு எல்லாவற்றிலிருந்தும் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர் வாங்குகிறார். நேரே எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரே 0.02. வழக்கமான மார்பு சி.டி. 5 முதல் 7. குறைந்த டோஸ் சி.டி. ஒன்றரை. நல்ல கருவியில் கவனமாக எடுத்தால் எக்ஸ்ரேக்குப் பக்கத்தில், 0.1, 0.2 வரைக்கும் இறக்க முடிகிறது.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கெல்லாம் சி.டி. எடுக்க வரிசை நின்றபோது, எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்று எச்சரித்தார். இந்தியக் கதிரியல் சங்கம் உடனே மறுத்தது: அது பழைய கதை, நவீன முறையில் ஐந்து முதல் பத்து எக்ஸ்ரேதான் என்றது. மேலே உள்ள எண்களை வகுத்துப் பாருங்கள். 6ஐ 0.02ஆல் வகுத்தால் 300. 0.2ஐ 0.02ஆல் வகுத்தால் 10. இரண்டு தரப்பும் சரியாகவே சொன்னார்கள். ஒரே பெயருள்ள பரிசோதனையில் முப்பது மடங்கு வித்தியாசம் இருக்கலாம். அதை முடிவு செய்வது கன்சோலில் உட்கார்ந்திருப்பவர் தேர்ந்தெடுக்கும் புரோட்டோக்கால். அன்று தொலைக்காட்சியில் நடந்த சண்டையில் 'உங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் எது ஓடுகிறது?' என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஜெர்மனியில் யாருக்கு, எவ்வளவு கதிர் என்பதைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தகுதி பெற்ற மருத்துவர் காரணம் சொல்லாமல் யாருக்கும் எக்ஸ்ரே கதிர் போட முடியாது. நோயில்லாதவருக்குப் புற்றுநோய் தேடும் பரிசோதனை என்றால் அதற்கென்று தனி அரசாணை வேண்டும். நுரையீரலுக்கு அது 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வயது 50 முதல் 75. குறைந்தது 25 வருடம் புகைத்திருக்க வேண்டும். விட்டிருந்தால் பத்து வருடத்துக்குள் விட்டவராக இருக்க வேண்டும். சராசரி உடல்வாகுக்குக் கருவி காட்டும் கதிர் அளவு (சி.டி.டி.ஐ.) 1.3 மில்லிகிரேயைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் இதே பரிசோதனைக்கு 3 வரை விடுகிறார்கள்.

இந்த ஆணைக்குப் பின்னால் இரண்டு பெரிய சோதனைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 53,000க்கு மேற்பட்ட புகைபிடித்தவர்களைப் பிரித்து, பாதிப் பேருக்குக் குறைந்த டோஸ் சி.டி., மீதிப் பேருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். 2011இல் வந்த முடிவு: சி.டி. குழுவில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. நெதர்லாந்து, பெல்ஜியம் சேர்ந்து நடத்திய நெல்சன் ஆய்வு 2020இல் ஆண்களிடம் 24 சதவீதம் என்றது. உயிர்களைக் காப்பாற்றிய அந்தப் படங்கள் எல்லாமே புள்ளி விழுந்த படங்கள்தான்.

நம் ஊருக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. காசநோய் ஆறிய தழும்புள்ள நுரையீரல் நம்மிடம் நிறைய. ஒவ்வொரு தழும்பும் முடிச்சாகத் தெரிந்து ஆளை அலைக்கழிக்கும். விறகடுப்புப் புகையில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் எந்த சிகரெட் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆனாலும் காரணம் சொல்லாமல் கதிர் போடக் கூடாது என்ற ஒரு வரியை மட்டும் இறக்குமதி செய்யலாம். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் முப்பது வயதுக்காரருக்கு மார்பு சி.டி.யை 'இலவசமாக'ச் சேர்த்து விளம்பரம் செய்யும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி நாள் ஃபோர்ஷைம். எர்லாங்கனிலிருந்து ரயிலில் பத்து நிமிடம் சொச்சம். மரச்சட்டக வீடுகளும் பழைய நகரமன்றமும் உள்ள சிற்றூர். ஜூலையில் அன்னா திருவிழாவுக்குக் காட்டுக்குள் பீர் நிலவறைகள் திறக்குமாம். மார்ச்சில் எல்லாம் பூட்டிக் கிடந்தது. உலகெங்கும் போகும் சீமன்ஸ் சி.டி. கருவிகளில் பலவற்றுக்குப் பிறந்த ஊர் இது. ஆலைக்குள் நான் போகவில்லை. வெளியே நின்று பார்த்துவிட்டுச் சந்தை வீதியில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம்.

2021 நவம்பரில் இங்கிருந்து எக்ஸ்ரேத் துளிகளை, அதாவது ஃபோட்டான்களை, எண்ணும் சி.டி. வெளிவந்தது. பழைய டிடெக்டரில் எக்ஸ்ரே முதலில் வெளிச்சமாக மாறும், வெளிச்சம் பிறகு மின்சாரமாகும். வந்ததெல்லாம் மொத்தமாகக் கூட்டிச் சேரும். அந்தக் கூட்டலில் மின்சுற்றின் சொந்த இரைச்சலும் நுழைந்துவிடும். டோஸ் அதிகமாக இருக்கும்போது அது ஒரு பொருட்டில்லை. மிகக் குறைந்த டோஸில் அதுவே படத்தைக் கெடுக்கும். புதிய டிடெக்டர் கேட்மியம் டெலுரைடு படிகம். விழும் ஒவ்வொரு ஃபோட்டானும் நேரே மின்துடிப்பாகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள துடிப்பை இரைச்சல் என்று தள்ளிவிட்டு மீதியை எண்ணுகிறது. படப்புள்ளியும் 0.2 மில்லிமீட்டர் வரை சிறுக்கிறது. நார்த்திசுவின் மெல்லிய வலைக்கோடுகளை, தம்பி காட்டிய ஊதிய கண்ணாடி முடிச்சுகளை, குறைந்த கதிரிலேயே பிடிக்க இது வழி. குழாய்க்கு முன்னால் வெள்ளீயத் தகடு வைத்து, உடலைத் தாண்ட முடியாத மெலிந்த கதிரை முன்கூட்டியே வடிகட்டும் உத்தி அதற்கு முன்பே வந்துவிட்டது.

"நம்ம ஊருக்கு எப்ப வரும்?" என்றேன்.

"கருவி வந்துரும் அண்ணே. வந்ததும் அதுலயும் முழு டோஸ் வைச்சு 'எவ்வளவு கிளியரா இருக்கு பாத்தியா'ம்பாங்க."

அவன் சொன்னது கேலி. நடக்கப்போவது அதுதான் என்று எனக்கும் தோன்றியது. நம் மாவட்டத் தலைநகரங்களில் 16, 32 ஸ்லைஸ் கருவிகளே பெரும்பாலும் ஓடுகின்றன. அவற்றிலும் முடிச்சுத் தொடர் பரிசோதனைக்குத் தனியாக ஒரு குறைந்த டோஸ் புரோட்டோக்காலை எழுதிச் சேமிக்க அரை நாள் போதும். எழுதாத இடத்தில் எத்தனை கோடிக்குக் கருவி வாங்கினாலும் ஒன்றுதான்.

மார்பு சி.டி. எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேவையென்று மருத்துவர் சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். பழைய படத்தின் சி.டி. தகட்டை எடுத்துப்போங்கள். 'முதல்முறை பார்க்கிறோமா, தொடர் பரிசோதனையா' என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எடுத்து முடித்ததும் டோஸ் ரிப்போர்ட் என்ற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கருவி அதைத் தானாகவே தயாரிக்கிறது. அதில் டி.எல்.பி. என்ற எண் இருக்கும். அதை 0.014ஆல் பெருக்கினால் உங்களுக்குப் போன மில்லிசீவர்ட் ஏறக்குறைய வந்துவிடும். 100 என்றிருந்தால் 1.4. தொடர் பரிசோதனைக்கு 500, 600 என்று வந்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.